முனியம்மா என்று ஒரு போகன்வில்லா

வாசகர் கேள்வி:

அய்யா, ஓசூர் பக்கத்தில் முக்கால் ஏக்கரில் சின்னதாக நர்சரி வைத்திருக்கிறேன். வேலியோரம் மாமனார் காலத்தில் வைத்த ரோஸ் நிற போகன்வில்லா ஒன்று நிற்கிறது. ரகத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. 3 வருஷத்துக்கு முன் அதில் ஒரே ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி வந்தது. இலை ஓரத்தில் சந்தன நிறக் கரை. பூ விரியும்போது வெளிர் ஆரஞ்சு, நாலைந்து நாளில் மங்கிய ரோஸ். குச்சி வைத்து 40 செடி எடுத்தேன். போன தைப் பொங்கலை ஒட்டி 10 செடி விற்றேன், 6 செடி சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். மீதியில் 2 செடியில் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பியிருக்கிறது. இந்த ரகத்துக்கு என் அம்மா முனியம்மாவின் பெயரை வைக்க ஆசை. அவர் இப்போது இல்லை. பெங்களூரு வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஆனால், “ராயல் பீச் ஹைப்ரிட் என்று வைத்தால்தான் ஓடும், முனியம்மா என்றால் யார் வாங்குவார்கள்” என்று சிரிக்கிறார். இது புது ரகம்தானா? எங்கே பதிய வேண்டும்? பதிந்துவிட்டால் மற்றவர்கள் குச்சி ஒடித்து விற்பதைத் தடுக்கலாமா?

பதில்:

வணக்கம் அம்மா. கடிதத்தோடு வந்த படங்களையும் பார்த்தேன். கரை போட்ட இலையும் அந்த வெளிர் ஆரஞ்சும் சேர்ந்து கண்ணை இழுக்கத்தான் செய்கின்றன. வியாபாரி சும்மா வரவில்லை.

‘எங்கே பதிய வேண்டும்’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் அது இரண்டு கேள்வி. பெயரைப் பதிவது ஒன்று, உரிமையைப் பதிவது இன்னொன்று. முதலாவது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. இன்ன செடி, இன்ன பெயர், இன்னார் கண்டெடுத்தது என்று ஏட்டில் ஏறும், அவ்வளவுதான். இரண்டாவது பட்டா மாதிரி. என் சம்மதம் இல்லாமல் இதைப் பெருக்கி விற்காதே என்று சொல்ல அது அதிகாரம் தரும். பிறப்புச் சான்றிதழைக் காட்டி யாரும் நிலத்துக்கு வேலி போட முடியாது. வேடிக்கை என்னவென்றால், போகன்வில்லாவைப் பொறுத்தவரை இந்த இரண்டு இடமுமே டெல்லியில், பூசா வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஒன்றுக்குப் போக வேண்டிய காகிதத்தை மற்றதுக்கு அனுப்பிவிட்டு ஒரு வருஷம் பதிலுக்குக் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

சரி, இரண்டுக்கும் முன்னால் செடியைப் பார்ப்போம்.

உங்கள் வேலியில் நடந்ததற்கு மொட்டு மாற்றம் என்று பெயர். கிளையின் குருத்து நுனியில் ஏதோ ஒரு செல்லில் மரபுமாற்றம் நிகழ்கிறது. அந்தச் செல்லின் வழியில் வந்த கிளை முழுவதும் வேறு முகம் காட்டுகிறது. விதை இல்லை, மகரந்தம் இல்லை, கலப்பு இல்லை. போகன்வில்லா இந்த விளையாட்டுக்குப் பேர்போன செடி. நாம் பூ என்று சொல்லும் அந்த மூன்று வண்ணத் தாள்களும் உண்மையில் நிறம் ஏறிய இலைகள்தான். நிஜப் பூ உள்ளே தீக்குச்சி போலச் சின்னதாக, வெள்ளையாக நிற்கும். இந்த வண்ண இலையின் நிறம் ஒரு கிளையில் மட்டும் மாறிவிடுவது இந்தச் செடியில் அடிக்கடி நடக்கிறது. இன்று நர்சரிகளில் ஓடும் பல ரகங்கள் இப்படி யாரோ ஒருவர் கண்ணில் பட்ட கிளைகள்தான். ஒரே செடியில் வெள்ளையும் மெஜந்தாவும் கலந்து பூக்கிற ‘மேரி பால்மர்’ கல்கத்தாவில் இப்படிக் கிடைத்தது. ஆகவே உங்களுக்கு இது வாய்த்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. கவனித்துப் பிரித்து எடுத்தீர்களே, அதுதான் பெரிது. பல தோட்டங்களில் இப்படிப்பட்ட கிளை கவாத்துக் கத்தரியில் போய்விடும்.

ஆனால் மாறிய கிளை வேறு, ரகம் வேறு. ரகம் என்று சொல்ல மூன்று கேள்விக்கு ஆமாம் என்று பதில் வர வேண்டும். ஏற்கெனவே இருக்கிற ரகங்களிலிருந்து தெளிவாக வேறுபடுகிறதா? பெருக்கிய செடிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவா? அடுத்தடுத்த தலைமுறைக்கும் அந்தக் குணம் நிற்கிறதா? உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது மூன்றாவது கேள்வி. அந்த 2 செடியின் பச்சைக் கிளைதான் காரணம்.

அது ஏன் வருகிறது என்று சொல்கிறேன். ரவிக்கைக்கு உள்துணி வைத்துத் தைப்பார்கள் அல்லவா, குருத்து நுனியும் அப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கும். உங்கள் செடியில் ஒரு அடுக்கு பச்சையம் செய்யும் திறனை இழந்திருக்கிறது, மற்றது பச்சையாகவே இருக்கிறது. இலையின் ஓரம் எந்த அடுக்கிலிருந்து வருகிறதோ அங்கே சந்தன நிறம், நடுவில் பச்சை. அடுக்கு கலையாதவரை கரை அழகாக விழும். ஒரு கணுவில் பச்சை அடுக்கு மட்டும் முந்திக்கொண்டு மொட்டு விட்டால் முழுப் பச்சைக் கிளை வரும். பச்சை என்றால் அதிகச் சமையல், அதிக வேகம். கவனிக்காமல் விட்டால் இரண்டு வருஷத்தில் அந்தக் கிளை செடியையே விழுங்கிவிடும். உங்கள் கையில் இருக்கும் 24இல் 2 என்பது கரை இலை ரகத்துக்குப் பயப்படும் அளவு அல்ல. ஆனால் இதே வேகம் அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தால் ரகம் நிலைக்கவில்லை என்றுதான் பொருள்.

அதனால் இப்போது குச்சி எடுக்கும் இடத்தை மாற்றுங்கள். இலையின் இரண்டு பக்கமும் கரை சமமாக விழுந்திருக்கும் கிளையிலிருந்து மட்டும் எடுங்கள். ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் பச்சையாக இருக்கும் கிளை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் அடுக்கு பாதி பாதியாகப் பிரிந்து கிடக்கிறது. அதிலிருந்து எடுத்தால் ஒரு குச்சி முழு வெள்ளையாகிச் சாகும், ஒரு குச்சி முழுப் பச்சையாகும். நல்ல செடிகளாக 10 பொறுக்கி அவற்றிலிருந்து குச்சி, அந்தக் குச்சி வளர்ந்ததிலிருந்து மறுபடி குச்சி என்று இரண்டு சுற்று எடுங்கள். இரண்டு பருவம் பூக்கவிட்டு எண்ணிப் பாருங்கள். எத்தனை செடியில் பச்சைக் கிளை வந்தது, எந்த மாதம், எந்தக் கணுவில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். விற்ற 10, கொடுத்த 6 ஆகியவற்றையும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வெவ்வேறு மண்ணில், வெவ்வேறு தண்ணீரில் அவை எப்படி இருக்கின்றன என்பது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் சோதனை.

தண்ணீர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் இருந்தால் இரும்புச்சத்து ஏறாமல் இலை வெளுக்கும். அப்போது நரம்பு மட்டும் பச்சையாக நின்று நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். நரம்பை ஒட்டி மஞ்சள் பட்டை ஓடினால் அது வைரஸாக இருக்கலாம், போகன்வில்லாவுக்கு அப்படி ஒரு நோய் உண்டு. உங்கள் படத்தில் கரை ஓரத்தில் மட்டும் சீராகத் தெரிகிறது, அதனால் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இருந்தாலும் பக்கத்துத் தோட்டக்கலைக் கல்லூரியில் நோயியல் துறையினரிடம் ஒரு கிளையைக் காட்டிவிடுங்கள். நோயை ரகம் என்று நினைத்துப் பெருக்கியவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது முதல் கேள்வி, வேறுபாடு. ஆரஞ்சாக விரிந்து ரோஸாக மங்குவது மட்டும் புதுமை ஆகாது. ‘மிஸஸ் மெக்லீன்’ போன்ற ஆரஞ்சு ரகங்கள் வயதாக ஆக ரோஸ் பக்கம் சாய்வது பழைய கதை. கரை இலையும் புதிது அல்ல, ‘திம்மா’ என்ற ரகத்தில் இலையும் இரு நிறம், பூவும் இரு நிறம். உங்கள் செடியின் பலம் இந்த இரண்டும் சேர்ந்த விதத்தில் இருக்க வேண்டும். கரை இலையும் ஆரஞ்சுச் சாயலும் சேர்ந்த ரகங்களாக நாலைந்தை வாங்கி, தாய்ச் செடியின் குச்சியையும் சேர்த்து, ஒரே மண்கலவை, ஒரே வெயில், ஒரே அளவுத் தொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாங்கும்போது பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். நான் ஒரு முறை ஒரு பெரிய நர்சரியில் மூன்று பெயருக்கு மூன்று விலை கொடுத்து மூன்று செடி வாங்கி வந்தேன். பூத்த பிறகு பார்த்தால் மூன்றும் ஒன்றே. திருப்பிக் கேட்டதற்கு, “மண் மாறினால் பூவும் மாறும் சார்” என்றார்கள்.

நிறத்தைக் குறிக்கும்போது ‘பீச்’, ‘சால்மன்’ என்று எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள். லண்டனில் இருக்கும் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டியின் வண்ண அட்டைத் தொகுப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் எண்ணும் எழுத்தும் போட்டிருக்கும். உலகம் முழுக்கப் பூச்செடிக்காரர்களுக்கு அதுதான் படி, மரக்கால். சொந்தமாக வாங்கினால் கை சுடும். பூந்தோட்டத் துறை இருக்கிற கல்லூரிகளில் இருக்கும், ஒரு காலைப் பொழுதுக்குக் கேட்டால் காட்டுவார்கள். நேர் வெயிலில் வைத்துப் பார்க்காதீர்கள், திறந்த வெளி நிழலில் பாருங்கள். விரிந்த முதல் நாள் ஒரு எண், ஐந்தாம் நாள் ஒரு எண், உதிரும் முன் ஒரு எண் எழுதுங்கள். நிறம் மாறுவதே உங்கள் ரகத்தின் குணம் என்பதால் ஒரே எண் கொடுத்தால் பாதிதான் சொன்னதாகும்.

இனி பெயர். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

வளர்ப்பு ரகங்களுக்குப் பெயர் வைப்பதற்கென்று உலகப் பொது விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. முதல் பதிப்பு 1953இல் வந்தது. அதற்கும் 30 வருஷம் முன்பே, 1923இல், அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி வளர்ப்பு ரகத்தைக் குறிக்க ‘கல்டிவர்’ என்ற சொல்லை உருவாக்கிவிட்டார். அந்த விதிப்படி, பேரினப் பெயரை எழுதி, ரகத்தின் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். போகன்வில்லா ‘முனியம்மா’, இப்படி. 1959 தொடக்கத்திலிருந்து வைக்கும் பெயர்கள் லத்தீனாக இருக்கக் கூடாது. இடைவெளி நீங்கலாக 30 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஒரே பேரினத்துக்குள் ஒரு பெயர் ஒரு முறைதான். ரோஜாவில் ஒரு முனியம்மா இருந்தாலும் உங்களுக்குத் தடை இல்லை, போகன்வில்லாவில் இருக்கக் கூடாது. உச்சரிப்பில் குழப்பும் பெயரும் ஆகாது. ‘திம்மா’ ஏற்கெனவே இருப்பதால் யாராவது திம்மம்மா என்று வைக்க வந்தால் நான் வேண்டாம் என்பேன். முனியம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சில சொற்களைப் பெயருக்குள் சேர்க்கவே கூடாது என்று விதி சொல்கிறது. ‘வெரைட்டி’, ‘ஸ்ட்ரெய்ன்’, ‘செலக்‌ஷன்’, ‘சீரிஸ்’, ‘இம்ப்ரூவ்டு’ எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ‘ஹைப்ரிட்’டும் உண்டு. ஆக, உங்கள் வியாபாரி சொல்கிற பெயர் வாசலிலேயே நின்றுவிடும். விதியை விடுங்கள், அது பொய்யும்கூட. மொட்டு மாற்றத்தில் வந்த கிளையில் கலப்பு எங்கே இருக்கிறது? ஹைப்ரிட் என்றால் காய்கறி விதை மாதிரி ஏதோ உசத்தி என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பை விற்கத்தான் அந்தச் சொல்.

‘முனியம்மா என்றால் யார் வாங்குவார்கள்’ என்கிறாரே, அவருக்கு ஒரு கதை சொல்லுங்கள். உலகத்தில் அதிகம் பேசப்பட்ட ரோஜா எது என்று கேட்டால் ‘பீஸ்’ (அமைதி) என்பார்கள். மஞ்சளில் ரோஸ் விளிம்பு வைத்த பெரிய பூ. பிரான்ஸில் ஃபிரான்சிஸ் மெய்யான் என்பவர் உருவாக்கியது. அவர் அதற்கு வைத்த பெயர் ‘மேடம் ஏ. மெய்யான்’, மறைந்த தன் அம்மாவின் பெயர். இரண்டாம் உலகப்போரில் தொடர்பு அறுந்து கிடந்ததால் ஜெர்மனியில் அது ‘குளோரியா டெய்’ ஆனது, இத்தாலியில் ‘ஜோயா’ ஆனது. அமெரிக்காவில் 1945 ஏப்ரல் 29 அன்று, போர் முடியும் தறுவாயில், ‘பீஸ்’ என்று அறிமுகம் செய்தார்கள். ஒரு செடி, நாலு பெயர். விற்பனைப் பெயர்கள் எத்தனை வந்தாலும் ரோஜா ஏடுகளில் அந்தச் செடியின் ரகப்பெயர் இன்னமும் அந்த அம்மாவின் பெயர்தான்.

போகன்வில்லாவிலேயே பாருங்கள். கருஞ்சிவப்பில் ‘மிஸஸ் பட்’ என்று ஒரு பழைய ரகம் உண்டு. பட் என்ற அம்மையார் 1910இல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் ஒரு தோட்டத்தில் பார்த்து டிரினிடாடுக்குக் கொண்டுபோன செடி. அந்தப் பெயரே பின்னால் ஒரு கலப்பினத்தின் தாவரவியல் பெயராகவும் ஏறிவிட்டது. மேரி பால்மர், மிஸஸ் மெக்லீன், மிஸஸ் பட் என்று ஊர் பேர் தெரியாத வெள்ளைக்கார அம்மாக்களின் பெயரைச் சொல்லி நம் நர்சரிகளில் தினமும் விற்கிறோம், யாரும் சிரிப்பதில்லை. நம் பக்கத்திலும் முன்னுதாரணம் இருக்கிறது. கொடைக்கானலில் வாழ்ந்து ரோஜா உருவாக்கிய வீரராகவன், கிரிஜா தம்பதி தங்கள் ரகங்களுக்கு ‘கன்னியாகுமரி’, ‘அஹிம்சா’ என்று பெயர் வைத்தார்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் நினைவாக ‘ஈ.கே. ஜானகி அம்மாள்’ என்று ஒரு மஞ்சள் ரோஜாவை 2019இல் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் அதே ஜானகி அம்மாள் பெயரில் ஒரு மக்னோலியாவும் இருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் வையுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். சர்வதேச ஏட்டில் ஆங்கில எழுத்தில்தான் பெயர் ஏறும். முனியம்மா என்பதில் நடுவே ஒய் போடுவீர்களா, மாட்டீர்களா? கடைசியில் ‘ள்’ உண்டா? அம்மாவின் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்திருக்கும். எது வேண்டுமானாலும் சரிதான், ஆனால் ஒன்றைத்தான் எல்லா இடத்திலும் எழுத வேண்டும். நம் பெயர்களில் ‘ழ’ வந்தால் இன்னும் கூத்து. நல்லவேளை, உங்களுக்கு அது இல்லை. கூடப்பிறந்தவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு, அவர்களுக்குச் சம்மதம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் மனத்தாங்கல் பட வேண்டாம்.

பெயரைப் பதியும் இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு செடி வகைக்கும் ஒரு சர்வதேசப் பதிவு அமைப்பை உலகத் தோட்டக்கலை அறிவியல் சங்கம் நியமிக்கிறது. ரோஜாவுக்கு அமெரிக்க ரோஸ் சொசைட்டி. ஆர்க்கிட் கலப்புகளுக்கும் டேலியாவுக்கும் லண்டன் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி. போகன்வில்லாவுக்கு உலகம் முழுவதற்கும் பொறுப்பு நம் டெல்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். தாய்லாந்துக்காரரும் பிரேசில்காரரும் இங்கேதான் எழுதிக் கேட்க வேண்டும். உங்களுக்கு ஒரு கூரியர் தூரம்.

(ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே கணக்கு வேறு. இரண்டு பெற்றோரைச் சேர்த்துப் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு குடும்பப் பெயர், அதில் ஒரு தனிச் செடிக்கு மட்டும் தனியாக மேற்கோளுக்குள் இன்னொரு பெயர். சிங்கப்பூரின் தேசிய மலர் மிஸ் ஜோவாகிம் ‘ஆக்னஸ்’ அப்படிப்பட்டது.)

பூசாவின் மலரியல் துறைக்கு எழுதி, பதிவுப் படிவத்தையும், ஏற்கெனவே பதிவான பெயர்களில் முனியம்மாவோ அதை ஒத்ததோ இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். படிவத்தில் எங்கே, எப்போது, யார் கண்டது, எந்தச் செடியின் மாற்றம், இலை, முள், வண்ண இலையின் நீளம் அகலம், நிற எண்கள், எது எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்றெல்லாம் எழுத வேண்டிவரும். உங்கள் நோட்டு அப்போதுதான் சோறு போடும். தாய்ச் செடியின் பெயர் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள், ஊகித்து எதையும் நிரப்ப வேண்டாம். பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, படத்தோடு ஒரு உலர்தாவர நிலையத்தில் சேர்த்துவிடுவதும் நல்லது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையத்தில் அப்படி ஒரு பெரிய சேகரம் இருக்கிறது, எங்கே சேர்க்கலாம் என்று அங்கே கேட்கலாம். பிற்காலத்தில் ‘இதுதான் அசல் முனியம்மா’ என்று காட்ட அந்தக் காய்ந்த கிளைதான் சாட்சி.

பெயர் விதிப்படி நிலைபெற, தேதி போட்ட வெளியீட்டில் விவரத்தோடு அச்சாகி மக்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். பதிவு அமைப்பின் பட்டியலில் வந்தால் போதும். உங்கள் நர்சரி விலைப்பட்டியலில் தேதி, நாலு வரி வர்ணனை, படம் போட்டு அச்சடித்தாலும் கணக்கில் வரும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டது வராது. இந்தப் பதிவு அமைப்பு செடியை வளர்த்துப் பார்த்துச் சோதிப்பதில்லை, நல்ல ரகமா மட்டமா என்று சொல்வதும் இல்லை, யாரையும் தடுக்கும் உரிமையும் தருவதில்லை. முதலில் சொன்னேனே, பிறப்புச் சான்றிதழ்.

பட்டா வேண்டுமென்றால் அதற்கு 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் ஆணையம் 2005 நவம்பரில் அமைந்தது. நம் நாட்டில் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் செடிக்கு இடமில்லை, 3ஆவது பிரிவே செடிகளையும் ரகங்களையும் விலக்கிவிடுகிறது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1931இல் முதல் செடிக் காப்புரிமை வாங்கிய ‘நியூ டான்’ என்ற கொடிரோஜா, உங்கள் முனியம்மா போலவே பழைய ரோஜா ஒன்றின் மொட்டு மாற்றம்தான். சிலர் மதுரை மல்லிக்கு 2013இல் கிடைத்தது போல வாங்கலாமா என்று கேட்பார்கள். அது புவிசார் குறியீடு, ஊருக்கும் அங்குள்ள விவசாயிகளுக்கும் பொதுவானது. தனி ஆளின் ரகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, புது ரகம் உருவாக்கிய விவசாயியும் ஆராய்ச்சியாளரைப் போலவே அதைப் பதிந்து பாதுகாப்புப் பெறலாம். அரசு அறிவிக்கை செய்த பயிர்களுக்கு மட்டும்தான் விண்ணப்பம் வாங்குவார்கள், அதனால் போகன்வில்லாவின் இன்றைய நிலையை ஆணையத்திடம் எழுத்தில் உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். செடிகளைக் கேட்டு வாங்கி, சோதனை மையத்தில் மற்ற ரகங்களோடு நட்டு, நான் மேலே சொன்ன அதே மூன்று கேள்வியையும் கேட்பார்கள். இங்கே நாலாவதாக ஒன்று சேரும், புதுமை. இந்தியாவில் விற்பனைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் அது புது ரகம் ஆகாது. போன தைப் பொங்கலில் 10 செடி விற்றேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிகாரம் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்த 6 செடி வியாபாரக் கணக்கில் வராது, விற்ற 10 வரும். பட்டா வேண்டும் என்று நினைத்தால் வருகிற தைக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கிடைத்தால் மரம், கொடி வகைக்கு மொத்தம் 18 வருஷம், மற்றவற்றுக்கு 15 வருஷம் பாதுகாப்பு. முதல் தவணை முறையே 9, 6 வருஷம், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

மொட்டு மாற்றத்தில் வந்த ரகத்துக்கு இன்னொரு முடிச்சு உண்டு. தாய் ரகம் யாருடைய பாதுகாப்பிலாவது இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும். உங்கள் மாமனார் காலத்துச் செடிக்கு அந்தக் கவலை இருக்காது என்றே நினைக்கிறேன்.

இனி என் சொந்த அபிப்பிராயம். முக்கால் ஏக்கர் நர்சரிக்கு, ஒரே ஒரு ரகத்துக்கு, பட்டா வாங்குவதை நான் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். போகன்வில்லாவைத் திருட ஒரு சாண் குச்சி போதும். யார் யார் பெருக்குகிறார்கள் என்று ஆந்திராவின் நர்சரி ஊரான கடியத்திலும் பெங்களூரிலும் போய்ப் பார்த்து, வக்கீல் வைத்து வழக்காட உங்களுக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. மேலும் ரகம் இன்னும் நிலைத்தது உறுதியாகவில்லை. தைக்குள் ஓட வேண்டும் என்ற அவசரத்தில் அரைகுறையாக விண்ணப்பித்து, சோதனை வயலில் பச்சைக் கிளை தலை தூக்கினால் எல்லாம் வீண். இன்னும் நாலைந்து நல்ல ரகம் உங்கள் கையில் சேர்ந்தால், அல்லது பெரிய அளவில் தொட்டிச் செடி ஏற்றுமதிக்குப் போகிறீர்கள் என்றால், அப்போது கணக்கு மாறும். இந்த ஒரு செடிக்குப் பெயர்ப் பதிவே போதும் என்பது என் எண்ணம். அதையும் இரண்டு சுற்றுக் குச்சி பார்த்த பிறகு செய்யுங்கள். இந்த விஷயத்தில் வேறு மாதிரி யோசிப்பவர்கள் உண்டு. ஆணையத்தில் ஒரு முறை பேசிவிட்டு நீங்களே முடிவெடுங்கள்.

வியாபாரிக்கு என்ன சொல்வது? விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பிழைப்பு அது. ஆனால் தாய்க் கிளையையும் பொறுக்கி வைத்த 10 செடியையும் எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். மீதியைக் கொடுத்தால், எத்தனை செடி, என்ன விலை, அவர் பெருக்கலாமா கூடாதா, பெருக்கினால் செடிக்கு எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் தன் கடைக்கு ஏதாவது விற்பனைப் பெயர் வைத்துக்கொள்ளட்டும், ஹைப்ரிட் என்ற சொல் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு செடியின் லேபிளிலும் ‘முனியம்மா’ என்ற ரகப்பெயர் மேற்கோளோடு இருக்க வேண்டும் என்பதை அந்தக் காகிதத்தில் முதல் நிபந்தனையாக எழுதுங்கள். ரகப்பெயரை வேறு மொழிக்கு மாற்றுவதும் கூடாது. அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், இந்த ஆளோடு வேண்டாம்.

கடைசியாக அந்த 2 செடி. பச்சைக் கிளை எந்தக் கணுவில் கிளம்பியது என்று தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நாளைக் காலையிலேயே அடிக்கணுவோடு சேர்த்து வெட்டிவிடுங்கள். வெட்டியதைக் குப்பையில் போடாமல் இரண்டு குச்சி வேர்விட வையுங்கள். அது பூக்கும்போது பழைய ரோஸா, இந்த வெளிர் ஆரஞ்சா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆரஞ்சாகவே பூத்தால், உங்கள் வேலியில் பிறந்தது ஒரு மாற்றம் அல்ல, இரண்டு.